பேசாத பெட்டியும் பெரியப்பாவின் முகவீணையும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கும்படி நமது பேரவைச் செயலாளர் என்னைக் கேன்டீன் வாசலில் மடக்கியபோது, "கவிதை எல்லாம் எனக்கு வராது நண்பா" என்று நழுவப் பார்த்தேன். "கவிதை யாருக்குய்யா வேணும்? காதல் கவிதையே பதினேழு வந்து கிடக்கு. நீ அந்தப் பெட்டிக் கதையை எழுது" என்றார். எங்கள் துறையில் அந்தப் பெட்டியைத் தெரியாதவர் கிடையாது. பல மாதங்கள் அதை டிபன் பாக்ஸ் மாதிரி பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். "என்னடா, இன்னிக்காவது பேசுச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஆகவே நண்பர்களே, இது அந்தப் பெட்டியைப் பேச வைத்த கதை. நடுவில் கொஞ்சம் எலக்ட்ரானிக்ஸ் வரும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் பெரியப்பா கூத்தில் முகவீணை வாசிப்பவர். உளுந்தூர்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் பிறந்துவிட்டுக் கூத்துப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. கூவாகம் பக்கத்து ஊர்களில் சித்திரை பிறந்தாலே பாரதக் கதைதான். ஆனால் கர்ணனையும் துரியோதனனையும் பார்ப்பவர்கள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் முகவீணைக்காரரைப் பார்ப்பதில்லை. முகவீணை என்பது நாகஸ்வரத்துக்குக் குட்டித் தம்பி. அளவில் சின்னது, சீவாளி வைத்து ஊதுவது. வேஷக்காரர் விருத்தம் பாடும்போது அவர் குரலை விட்டுப் பிரியாமல் நிழல் போலக் கூடவே ஓடும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் இது நின்று தாங்கும். "இப்பல்லாம் கீபோர்டு வச்சுக்கறானுங்க. ஒரு பொத்தானை அமுக்கினா போதுமாம்" என்பார் பெரியப்பா. சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்புவார்.

அவர் வாசிப்பதைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்பது எனக்கு முதலாம் ஆண்டிலிருந்தே ஆசை. செல்போனில் எடுத்துப் பார்த்தேன். கேட்டால் அழுகை வந்துவிடும். செல்போன் நாம் பேசுவதற்காகச் செய்யப்பட்டது. பேச்சு விட்டு விட்டு வரும். விடாமல் ஒரே சீராக வரும் எந்தச் சத்தத்தையும் அது ஃபேன் சத்தம், மோட்டார் சத்தம் என்று நினைத்துக்கொண்டு அமுக்கிவிடும். பெரியப்பா ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால் இரண்டு விநாடியில் அது தேய்ந்து, யாரோ கதவைச் சாத்திய மாதிரி ஆகிவிடும். முகவீணையை அது குப்பை என்று முடிவு கட்டிவிட்டது.

நல்ல பதிவுக்கு மைக் வேண்டும். மைக்கைக் கணிப்பொறியில் சேர்க்க ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று ஒரு பெட்டி வேண்டும். மைக்கிலிருந்து வரும் சின்ன மின்னழுத்தத்தைப் பெருக்கி, எண்களாக்கி, யு.எஸ்.பி. வழியாக அனுப்புவது அதன் வேலை. மைக் கிடைத்துவிட்டது, எங்கள் தெரு மைக்செட் அண்ணன் புண்ணியத்தில். புதுப் பெட்டி விலையைப் பார்த்தேன். என் ஒரு செமஸ்டர் செலவு. அப்போதுதான் விழுப்புரத்தில் மூடிவிட்ட ஒரு ரெக்கார்டிங் ஸ்டூடியோவின் சாமான்களில் இரண்டு மைக் போடும் பழைய பெட்டி ஒன்று 1,500 ரூபாய்க்குக் கிடைத்தது. விற்றவர் நல்ல மனுஷன். "தம்பி, சாமான் நல்லாத்தான் இருக்கு. ஆனா புது கம்ப்யூட்டர்ல எடுக்காது" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். நான்தான் கேட்கவில்லை.

எடுக்கவில்லை. செய்த கம்பெனி (பெயர் வேண்டாம்) விண்டோஸ் 7-க்குப் பிறகு அதற்கு டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. லினக்ஸுக்கு எப்போதுமே கொடுத்ததில்லை. நான் ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். அந்த மாடல் ஓய்வு பெற்றுவிட்டது, புது மாடல் வாங்கிக்கொள்ளவும் என்று பதில் வந்தது. மனுஷன் ரிட்டயர் ஆனாலும் பென்ஷன் உண்டு. இந்தப் பெட்டிக்கு அதுவும் இல்லை.

என்னிடம் இருந்தது அக்காவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனை வீடுகளில் முதல் கணிப்பொறியாக நுழைந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அக்காவுடையதில் பாஸ் லினக்ஸ் இருந்தது, நம் நாட்டு சி-டாக் நிறுவனம் தயாரித்தது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவே மாட்டோம். பிறகு நான் அதை எடுத்துவிட்டு டெபியன் போட்டேன். 2 ஜி.பி. நினைவகம். பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. கரண்ட் போனால் அதுவும் போகும்.

இங்கே டிரைவர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நம் ஊர் டோல்கேட்டில் வரிசையில் நிற்பவர் அல்ல. சந்தையில் மாட்டுத் தரகர்கள் துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைத் தாத்தாமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எந்த விரலைப் பிடித்தால் எவ்வளவு என்று தெரிந்தவனுக்குத்தான் வியாபாரம். கணிப்பொறிக்கும் பெட்டிக்கும் நடுவில் அந்த விரல் பாஷை தெரிந்த தரகர்தான் டிரைவர்.

யு.எஸ்.பி. ஒலிக் கருவிகளுக்கு 1998-லேயே ஒரு பொதுவான விரல் பாஷையை எழுதி வைத்துவிட்டார்கள். அதன்படி நடக்கும் பெட்டிக்குத் தனி டிரைவரே வேண்டாம், செருகினால் பேசும். ஒவ்வொரு கருவியும் செருகியவுடன் தன்னைப் பற்றி ஒரு ஜாதகம் கொடுக்கும். டிஸ்கிரிப்டர் என்று பெயர். அதில் வகை என்ற கட்டத்தில் 1 என்று இருந்தால் ஒலிக் கருவி. எல்.எஸ்.யு.எஸ்.பி. என்ற கட்டளையைப் போட்டு என் பெட்டியின் ஜாதகத்தைப் பார்த்தேன். 255. அதாவது, "நான் யாரென்று சொல்ல மாட்டேன், என் கம்பெனியைக் கேள்." கம்பெனியோ பெட்டியைத் தலைமுழுகிவிட்டது.

எங்கள் மைக்ரோகன்ட்ரோலர் சாரிடம் போனேன். "8051-க்குப் புரோகிராம் எழுதத் தெரியுமில்ல? ரிஜிஸ்டர்ல எழுது, படி. அவ்வளவுதான். அளவுதான் பெருசு" என்றார். இதைப் போல ஆறுதலான பொய்யை நான் கேட்டதில்லை. இருந்தாலும் அந்தப் பொய்தான் என்னை ஆரம்பிக்க வைத்தது.

லினக்ஸின் மூலநிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. 1991-ல் ஹெல்சிங்கியில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கியது. ஒலிக்கான பகுதிக்கு அல்சா என்று பெயர். அதைத் தொடங்கிய யாரொஸ்லாவ் கிசெலா செக் நாட்டுக்காரர். அவரும் தன்னிடம் இருந்த கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற கார்டு லினக்ஸில் சரியாக வேலை செய்யவில்லை என்றுதான் 1998-ல் எழுத உட்கார்ந்தார். இதைப் படித்ததும் எனக்கு ஒரு தெம்பு. நம்மைப் போல எரிச்சல் பட்ட ஒரு ஆள்! அவர் எழுதியது 2003 டிசம்பரில் வெளியான 2.6 கர்னலில் எல்லோருக்கும் கிடைத்தது. 2019-ல் ஜெஃப்ரி பென்னட் என்பவர் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் பெட்டிகளின் மிக்ஸரை இதே மாதிரி, பெட்டியும் கணிப்பொறியும் பேசிக்கொள்வதைக் கவனித்தே லினக்ஸில் வேலை செய்ய வைத்தார்.

முதல் மாதம் முழுக்க நான் வெட்டியாகக் கழித்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன். கர்னல் முழுவதையும் கம்பைல் செய்தால்தான் எதையும் மாற்ற முடியும் என்று நினைத்திருந்தேன். ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பித்தது மறுநாள் பால்காரர் மணி அடித்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் இரண்டு தடவை கரண்ட் கட். விழுப்புரத்தில் ஜி.எல்.யு.ஜி. என்று கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் நடத்தும் குழு இருக்கிறது. காசு வாங்காமல் சொல்லித் தருபவர்கள். பஸ் பிடித்துப் போய் என் கஷ்டத்தைச் சொன்னேன். அங்கிருந்த ஒரு அண்ணன் சிரித்துவிட்டு, "வீட்டுல ஒரு குழாய் ஒழுகினா வீட்டையே இடிச்சா கட்டுவ? யு.எஸ்.பி. சவுண்டு மாட்யூலை மட்டும் கம்பைல் பண்ணு" என்றார். சில நிமிட வேலை! ஒரு மாதம் போச்சு. அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

கர்னலுக்குள் எழுதுவது வேறு ரகம். சாதாரண சி புரோகிராமில் தப்பான பாயின்டரைத் தொட்டால் அந்தப் புரோகிராம் மட்டும் சாகும். கர்னலில் தொட்டால் மொத்தக் கணிப்பொறியும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும், மவுஸ்கூட அசையாது. அப்படி ஒரு நாள் என் லேப் ரெக்கார்டு ஃபைல் போயே போய்விட்டது. சாரிடம் டிரைவர் எழுதினேன் என்று சொல்ல முடியுமா? மாமா வீட்டுக் கல்யாணம் என்றேன். சார் இதைப் படிப்பார் என்றும் தெரியும். மன்னிக்கவும் சார்.

சரி, விரல் பாஷையை எப்படித் தெரிந்துகொள்வது? பாஷை தெரிந்த ஒரு தரகர் இன்னும் உயிரோடு இருந்தார். பெட்டியோடு வந்த சி.டி.யில் இருந்த விண்டோஸ் டிரைவர்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு டி.டி.பி. சென்டரில் விண்டோஸ் 7 ஓடும் பழைய கணிப்பொறி இருந்தது. கல்யாணப் பத்திரிகை வேலை எல்லாம் முடிந்து ஷட்டர் பாதி இறங்கிய பிறகு உட்கார அனுமதி கொடுத்தார் கடைக்காரர். அதில் அந்த டிரைவரையும், யு.எஸ்.பி. கம்பியில் போவது வருவதை எல்லாம் பிடித்து வைக்கும் ஒரு மென்பொருளையும் போட்டேன். வயர்ஷார்க்கில் திறந்து பார்த்தால், துண்டை விலக்கி விரல்களைப் பார்த்த மாதிரி இருந்தது. என்ன, விரல்கள் லட்சக்கணக்கில் இருந்தன. பென் டிரைவில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன்.

இந்த வகை யு.எஸ்.பி. இணைப்பில் ஒரு விநாடிக்கு 1,000 தடவை ஒரு பொட்டலம் வரும். பெட்டியை 48,000 என்ற வேகத்தில் வைத்தபோது ஒவ்வொரு பொட்டலமும் சரியாக 288 பைட். 48,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 48. 288-ஐ 48-ஆல் வகுத்தால் 6. இரண்டு மைக், ஆளுக்கு 3 பைட், அதாவது 24 பிட்! இதைக் கண்டுபிடித்தது டீக்கடை பெஞ்சில், வடை மடித்த காகிதத்தில். அடுத்து 44,100-க்கு வைத்து எடுத்ததைப் பார்த்தால் 264, 264, 264 என்று ஒன்பது தடவை வந்து பத்தாவது மட்டும் 270. முதலில் கோளாறு என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. 44,100-ஐ 1,000-ஆல் வகுத்தால் 44.1 வரும். பால் கணக்கு மாதிரிதான். தினம் 44 ஊற்றி, மிச்சம் சேர்ந்து பத்தாம் நாள் 45 ஊற்றுகிறான். அன்றைக்கு வீடு வரை சைக்கிளை மிதிக்கவில்லை, பறந்தேன்.

கர்னலில் ஒலிப் பகுதிக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. சரியான ஜாதகம் தராத கோணல் பெட்டிகளுக்கான பட்டியல். இந்தக் கம்பெனி எண், இந்த மாடல் எண் வந்தால், ஜாதகத்தை நம்பாதே, நான் சொல்வதைக் கேள் என்று எழுதிக் கொடுத்துவிடலாம். எத்தனை சேனல், என்ன ஃபார்மட், எந்த வாசல் வழியாக வரும், என்ன வேகம். எனக்கு வேண்டியது பத்துப் பதினைந்து வரிகள். இன்னொரு பெட்டிக்கு யாரோ எழுதியிருந்ததைக் காப்பி அடித்து எண்களை மட்டும் மாற்றினேன். ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள், பரீட்சையில் செய்தால் பிட்டு.

இந்தக் கட்டத்தில்தான் பெரியப்பாவின் பல் கதைக்குள் வந்தது. முன்பற்கள் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு மேல்வரிசை முழுக்க எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தேதி. சீவாளியை உதட்டால் பிடிப்பவருக்கு உதட்டின் பின்னால் பல் இருந்தாக வேண்டும். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. சொல்லு போனாப் போவட்டும்டா, எனக்குப் பேச என்னா இருக்கு? சீவாளி நிக்காதே" என்றார். செயற்கைப் பல் வைத்துப் பழகிக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்னான். பெரியப்பா பதில் சொல்லவில்லை.

அதுவரை விளையாட்டாக இருந்தது அன்றோடு போயிற்று.

மாட்யூலை ஏற்றினேன். முதன்முறையாகக் கணிப்பொறி பெட்டியை ஒலிக் கருவி என்று ஒப்புக்கொண்டது. பதிவு செய்து போட்டுக் கேட்டால், வாணலியில் சோளம் பொரிகிற சத்தம். மைக்கில் கத்தினால் சோளம் கூடுதலாகப் பொரிந்தது. அதாவது என் குரல் உள்ளே எங்கேயோ இருக்கிறது, சின்னாபின்னமாகி. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மைக்கைத் துணியால் சுற்றி அமைதியாக வைத்துப் பதிவு செய்து, வந்த எண்களை வரிசையாக அச்சடித்துப் பார்த்தேன். அமைதியாக இருக்கும்போது மதிப்பு கொஞ்சம்தானே ஆட வேண்டும்? ஆயிரத்துச் சொச்சம் ரூபாயில் பெரிய நோட்டு அப்படியே இருக்கும், சில்லறைதான் மாறும். மூன்று மூன்று பைட்டாகப் பார்த்தால், முதல் பைட் அசையாமல் இருந்தது, மூன்றாவது துள்ளியது. ஆகப் பெட்டி பெரிய நோட்டை முதலில் வைத்து அனுப்புகிறது. நான் சில்லறை முதலில் வரும் என்று எழுதியிருந்தேன்! பழைய எம்-ஆடியோ கருவிகள் சிலவற்றுக்கும் இதே விதிவிலக்கு கர்னலில் முன்பே இருப்பதைப் பிறகு பார்த்தேன். ஃபார்மட்டை மாற்றினேன். மாட்யூலை இறக்கி ஏற்றினேன். "ஹலோ" என்றேன். "ஹலோ" என்றது.

மறுநாள் சாயங்காலமே மைக்கை எடுத்துக்கொண்டு பெரியப்பா வீட்டுக்கு ஓடினேன். பத்து நிமிடம் வாசித்தார். ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டு, பாராட்டுக்குக் காத்திருந்தேன். அவர் முகம் சுருங்கியது.

"யாருடா இது?"

"நீங்கதான் பெரியப்பா. இப்ப வாசிச்சது."

"என் வாத்தியம் இல்லடா இது. சுருதியை ஏத்தி வச்சிருக்க. முக்கா கட்டை ஏறியிருக்கு."

எனக்குக் கோபமே வந்துவிட்டது. கணிப்பொறி எப்படி சுருதியை ஏற்றும்? எண்ணுக்கு எண் அப்படியே பதிகிறது. ஹெட்போன் மலிவானது, அதனால் இருக்கும் என்று சமாளித்தேன். "ஹெட்போனு கரகரக்கும். சுருதி ஏறாது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. முக்கால் கட்டை. எங்கள் பக்கத்தில் அரைக்கட்டை என்றால் ஆர்மோனியத்தில் அடுத்த ஒரு கட்டை நகர்வது. முக்கால் என்றால் அதில் ஒன்றரை மடங்கு. கால்குலேட்டரை எடுத்தேன். 48,000-ஐ 44,100-ஆல் வகுத்தால் சுமார் 1.088. அதைச் சுரக் கணக்கில் மாற்றினால் அரைக்கட்டையில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. முக்கால் கட்டை! பெட்டி 44,100-ல் அனுப்பிக்கொண்டிருக்கிறது, என் டிரைவர் 48,000 என்று நினைத்துப் பதிவு செய்திருக்கிறது. சந்தேகம் தீரக் கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் பதிவு செய்தேன். ஃபைல் 55 விநாடிதான் இருந்தது.

டி.டி.பி. சென்டரில் பிடித்து வந்ததை மறுபடி திறந்தேன். ஆரம்பத்திலேயே மூன்று பைட் உள்ள ஒரு சின்னக் கட்டளை போவதை முன்பே பார்த்திருந்தேன், அற்பம் என்று தாண்டிவிட்டேன். 80, பிபி, 00. ஹெக்ஸில் பிபி80 என்றால் 48,000. கடைசி இரண்டிலக்கம் முதலில் வருகிறது, அவ்வளவுதான். 44,100-ல் எடுத்ததில் அதே இடத்தில் 44, ஏசி, 00. விண்டோஸ் டிரைவர் பெட்டியிடம் வேகத்தைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. நான் சொல்லவே இல்லை. லினக்ஸில் அந்தக் கட்டளையை அனுப்பும் வசதி ஏற்கெனவே இருக்கிறது, பட்டியலில் ஒரு இடத்தில் 1 என்று போட்டிருந்தால். நான் காப்பி அடித்த ஆளின் பெட்டிக்கு அது தேவையில்லை போலும், 0 என்று இருந்தது. 0-ஐ 1 ஆக்கினேன். பிட்டு அடித்தால் இப்படித்தான்.

விடிந்ததும் போய், "பெரியப்பா, நீங்க சொன்னது சரி" என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அது முந்தின நாளே தெரியும்.

பல் எடுக்க ஒன்பது நாள் இருந்தது. அதில் மூன்று ராத்திரி திரௌபதி அம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். பெரியப்பா, மிருதங்கக்காரர் ஒருவர், பாட ஒரு வாத்தியார். ஒரு மைக் முகவீணைக்கு, ஒன்று பாட்டுக்கு. திருச்சி ரோடும் சேலம் ரோடும் பிரிகிற ஊர் நம்முடையது. லாரி ஹாரன் நிற்கிற நேரமே கிடையாது. ராத்திரி இரண்டிலிருந்து நாலு வரைதான் கொஞ்சம் ஓயும். அந்த நேரத்தில் கர்ண மோட்சம், அர்ச்சுனன் தபசு, பதினெட்டாம் போர் மூன்றிலிருந்தும் முகவீணைக்கு வேலை அதிகமுள்ள விருத்தங்களையும் தருக்களையும் அவரே பொறுக்கி எடுத்து வாசித்தார். மணிக்கு ஒரு ஜி.பி. வீதம் ஹார்ட் டிஸ்க் நிரம்பியது. இரண்டாம் ராத்திரி நடுவில் கரண்ட் போய், 40 நிமிடம் வாசித்த ஒரு பகுதி பாதியில் அறுந்தது. நான் தலையில் கை வைத்தேன். "மறுபடி வாசிச்சா போச்சு" என்று சீவாளியை நனைத்துக்கொண்டார். உதட்டோரத்தில் ரத்தம் இருந்ததை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பார்த்ததைச் சொல்லவில்லை.

டிரைவர் இன்னும் முழுசாக இல்லை. பதிவு செய்யும், ஆனால் அதே பெட்டி வழியாகத் திரும்பக் கேட்டால் நடுநடுவே டக் டக் என்று தட்டும். 96,000 வேகம் இன்னும் பிடிபடவில்லை. எழுதியதைக் கர்னல் குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்றால் சொந்தப் பெயரில் உறுதிமொழி வரி போட்டு அனுப்ப வேண்டும். அதற்கு முன் இதே பெட்டி வைத்திருக்கும் இன்னொருவர் சோதித்துச் சொன்னால் தைரியமாக இருக்கும். உங்கள் மாமா, சித்தப்பா யாராவது ஸ்டூடியோ வைத்து மூடியிருந்தால் பரணில் பாருங்கள். நீல நிறம், முன்னால் நான்கு குமிழ். ஹாஸ்டல் அறை 14-ல் என்னைக் கேட்டால் கிடைப்பேன்.

பல் எடுத்து ஒரு மாதம் கழித்து, புதுப் பல் செட்டோடு பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூன்று ராத்திரிப் பதிவையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்டார். இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை, காப்பி ஆறிப் போயிற்று. முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றினார்.

"மூணாவது ராத்திரி, பதினெட்டாம் போர்ல அந்த ரெண்டாவது தரு. மேல போற எடத்துல வழுக்கிட்டேன். அதை அழிச்சுடு."

"சரி பெரியப்பா" என்றேன். இன்னும் அழிக்கவில்லை.